யாரோடு சேர்த்து வைக்கிறோம்?

கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பையன் களவு செய்து பிடிபட்டான் என்று வைத்துக்கொள்வோம். “கண்டிப்பான விடுதியில் சேர்த்துவிடுங்கள், தானே திருந்துவான்” என்பதே லயத்தில் முதலில் எழும் யோசனையாகும். அவனைப் போன்ற முப்பது பேர் ஒரே கூரையின்கீழ் கூடினால் யார் யாரைத் திருத்துவர் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

1939-ம் ஆண்டு அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்னும் நகரங்களில் நல்ல நோக்கத்துடன் ஒரு முயற்சி தொடங்கியது. 506 சிறுவர்களை இருவர் இருவராக இணைத்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு ஆலோசகரின் துணையும், பாட உதவியும், மருத்துவமும் கிடைத்தன. பலர் கோடைப் பாசறைக்கும் அனுப்பப்பட்டனர். மற்றவன் தன் போக்கில் விடப்பட்டான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தபின் ஜோன் மக்கோர்ட் என்னும் அம்மையார் அவர்களைத் தேடிக் கண்டு, 1978-ல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்கள் மேம்பட்டிருக்கவில்லை; சிலவற்றில் மற்றவர்களினும் தாழ்ந்தே நின்றனர். பாசறைக்கு ஒரு தடவைக்குமேல் சென்றவர்களிடமே தீங்கு மிகுந்திருந்தது என்பதும் பின்னர் புலனாயிற்று.

காரணம் யாது? தோமஸ் டிஷன் என்னும் உளவியலறிஞர் பையன்களின் உரையாடலைப் படம்பிடித்து ஆராய்ந்தார். விதியை மீறியதைப் பற்றி ஒருவன் பேச, மற்றவன் சிரிக்கிறான். அச்சிரிப்பே பரிசு. பரிசு கிடைத்த பேச்சு வளர்கிறது, நாளடைவில் செயலாகிறது. ஆசிரியரின் ஒரு மணி நேர அறிவுரையை நண்பனின் ஒரு நொடிச் சிரிப்பு வென்றுவிடுகிறது!

இலங்கையிலும் அதே 1939-ல்தான் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பாடசாலைக்கு அனுப்புவது மாத்திரம் அதன் வழியன்று. தக்க ஒருவரிடம் ஒப்படைக்கவும், நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையில் வீட்டிலேயே விடவும் அது இடமளித்தது. பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

எல்லாக் கூட்டமும் தீயதன்று. வள்ளுவர் ‘சிற்றினஞ் சேராமை’க்கு ஓர் அதிகாரம் வகுத்தார், ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என மற்றோர் அதிகாரத்தையும் வகுத்தார். தவறிய பையனை நல்ல பையன்கள் பலர் உள்ள கரப்பந்தாட்டக் குழுவில் சேர்க்கலாம். பொறுமையுள்ள பெரியவர் ஒருவரை அவனுக்குத் துணையாக்கலாம். பாடசாலைத் தொடர்பு அறாமற் காக்கலாம்.

பிள்ளையை விலக்கி வைப்பது எளிது. விலக்கப்பட்டவன் விலக்கப்பட்டவர்களையே தேடிச் செல்வான் என்பதை, அவனைக் கைவிடுமுன் நாம் நினைவிற் கொள்வோமாக.