வைக்கோலுக்குள் ஒரு தேவாலயம்

1625ஆம் ஆண்டு லண்டனில் பிளேக் பரவியது. வசதியுள்ளவர்கள் நகரத்தைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். எழுபதைத் தாண்டிய மேரி ஃபெரார் என்ற விதவையும் கிளம்பினார். புதிதாக வாங்கியிருந்த பண்ணை வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, முன்னதாகவே அங்கு வந்திருந்த மகன் நிக்கோலஸ், முதலில் உள்ளே போய்க் களைப்பாறச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. நேரே தேவாலயத்துக்குப் போனார். கதவுக்கு உள்ளே இரண்டடி வைக்க முடியவில்லை. கூரைவரை வைக்கோல். ஒரு பக்கம் பன்றிகள். ஆட்களைக் கூப்பிட்டு அத்தனையையும் வெளியே அள்ளிக் கொட்டச் சொன்ன பிறகுதான் வீட்டு வாசற்படி ஏறினாராம்.

அந்த ஊர் லிட்டில் கிடிங். கேம்பிரிட்ஜ்ஷயரில், ஹண்டிங்டன் நகரிலிருந்து வடமேற்கே சுமார் 15 கிலோமீட்டர். ஊர் என்று சொல்வதே அதிகம். தனியாகத் தேவாலயம் இல்லாத குக்கிராமத்துக்கு ஆங்கிலேயர்கள் ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். இங்கே கதை தலைகீழ்: தேவாலயம் நின்றது, ஊர்தான் போய்விட்டது. மேரி வருவதற்கு வெகுகாலம் முன்பே குடியானவர்கள் மறைந்து, உழவு நிலம் மேய்ச்சல் நிலமாகிவிட்டது. பழைய வீடுகள் இருந்த இடம் இன்றும் புல்லுக்கடியில் மேடுபள்ளங்களாகத் தெரிகிறது. ஜெபிக்க ஆள் இல்லாத கட்டடத்தில் வைக்கோல் அடைத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நிக்கோலஸ் ஃபெரார் சாதாரண ஆள் இல்லை. கேம்பிரிட்ஜில் படித்தவர், ஐரோப்பாவைச் சுற்றியவர், அமெரிக்காவில் குடியேற்றம் நடத்திய வர்ஜீனியா கம்பெனியின் நிர்வாகத்தில் முக்கியப் பொறுப்பு வகித்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். 1624இல் அந்தக் கம்பெனியின் உரிமம் ரத்தானது. குடும்பத்துக்கும் பணக் கஷ்டம். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த மனிதர் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டார். 1626இல் டீக்கன் பட்டம் பெற்றார். அதற்கு மேல் பாதிரியாராக அவர் விரும்பவில்லை.

அம்மா, அண்ணன் ஜான் குடும்பம், அக்கா சூசனா காலெட்டும் அவருடைய பெரிய பிள்ளைப் பட்டாளமும், வேலையாட்கள் என முப்பது, நாற்பது பேர். மணிக்கொரு ஜெபம். இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை முறைவைத்து விழித்திருந்து 150 சங்கீதங்களையும் சொல்வார்கள். அக்கம்பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் ஒரு பென்னி. ஞாயிறன்று சாப்பாடும் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜானின் மனைவி பாத்ஷீபாவுக்கு இந்த வாழ்க்கை அறவே பிடிக்கவில்லை என்பது குடும்பக் கடிதங்களில் தெரிகிறது. அவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வீடு கண்ணில் நிற்கிறது.

இந்த வீட்டின் உண்மையான அடையாளச் சின்னம் கத்தரிக்கோலும் பசையும்தான். நான்கு சுவிசேஷங்களும் இயேசுவின் கதையைச் சொல்கின்றன. ஆனால் வரிசை ஒன்றுபோல் இல்லை, விவரங்களும் ஒத்துப்போவதில்லை. அச்சடித்த பைபிள் பிரதிகளை வரி வரியாக, சில இடங்களில் சொல் சொல்லாக வெட்டி, நான்கையும் ஒரே தொடர்கதையாகத் தாளில் ஒட்டினார்கள். இடையிடையே செதுக்குப் படங்கள். ஒட்டியது தெரியாதபடி தாளை அழுத்தி எடுத்தார்கள். கேம்பிரிட்ஜ் புத்தகக் கட்டுநர் ஒருவரின் மகள் பைண்டிங் கற்றுக்கொடுத்தார். வேலையில் முன்னின்றவர்கள் காலெட் வீட்டுப் பெண்கள். அவர்களில் மேரி காலெட் கைதேர்ந்தவர். வீட்டு ஜெபத்துக்காகச் செய்த இந்தப் புத்தகத்தின் புகழ் அரண்மனைவரை போனது. 1633இல் முதலாம் சார்லஸ் மன்னர் அதை இரவல் கேட்டு ஆளனுப்பினார். சில மாதம் கழித்து, ஓரங்களில் தன் கைப்படக் குறிப்புகள் எழுதித் திருப்பியனுப்பிவிட்டு, தனக்கென ஒன்று செய்து தரச் சொன்னார். அந்தப் பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இந்த ஊரில் செய்ததில் சிறந்தது இந்த ஊரில் இல்லை.

அதே 1633இல் ஒரு கவிதைக் கையெழுத்துப் பிரதியும் நிக்கோலஸிடம் வந்தது. மரணப் படுக்கையில் இருந்த கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் அனுப்பியது. துன்பப்படும் யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் அச்சிடலாம், இல்லாவிட்டால் எரித்துவிடலாம் என்று சொல்லியனுப்பினார். நிக்கோலஸ் அச்சிட வைத்தார். ஆங்கில பக்திக் கவிதையில் ஹெர்பர்ட்டுக்கு இன்று இருக்கும் இடம் அந்த முடிவால் வந்தது.

இலக்கியத்தைக் காப்பாற்றிய அதே கைதான் எரிக்கவும் செய்தது. 1637 டிசம்பரில் சாகக் கிடந்தபோது தன் கல்லறைக்கு இடம் குறிக்கச் சொன்னார் நிக்கோலஸ். பிறகு, தான் சேர்த்து வைத்திருந்த நாடகங்களையும் காதல் கதைகளையும் கூடை கூடையாகக் கொண்டுபோய் அந்த இடத்திலேயே கொளுத்தச் சொன்னார். புகையைப் பார்த்து ஓடிவந்த சுற்றுவட்டாரத்தார், மந்திரவாதப் புத்தகங்களை எரிக்கிறார் என்று கதை கட்டினார்கள். நாலு வருஷம் கழித்து, இது கன்னிமாடம் என்று ஏசி ஒரு துண்டுப்பிரசுரமே வெளிவந்தது.

மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்தது. 1646 மே மாதம் ஒரு நாள் இரவில், தோற்றுப்போன சார்லஸ் மாறுவேடத்தில் இங்கே வந்து நின்றார். இந்த வீட்டைத்தான் எதிரிகள் முதலில் தேடுவார்கள் என்று தெரிந்த ஜான், அவரைப் பக்கத்து ஊரான காப்பிங்ஃபோர்டில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். சில நாட்களில் மன்னர் ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்தார். மூன்று வருஷத்துக்குள் தலை போனது. தேவாலயத்திலிருந்த பித்தளை ஞானஸ்நானத் தொட்டி அந்தக் கலவரத்தில் குளத்தில் வீசப்பட்டுப் பிறகு மீட்கப்பட்டது என்பது ஊர்ப் பேச்சு. தொட்டி இருக்கிறது. கழுகு வடிவப் பித்தளை வாசகப் பீடமும் இருக்கிறது.

மேரி ஃபெரார் ஏறிய வாசற்படி இன்று இல்லை. அந்த வீடே இல்லை. தேவாலயமும் அவர் பார்த்த உருவத்தில் இல்லை: முகப்பு 1714இல் மாறியது, 1853இல் ஹாப்கின்சன் என்பவர் உள்ளே பழுதுபார்த்தார். எதிரெதிராக அமரும் இருக்கைகள். குறுகலான சிறிய கூடம். வருகிறவர்களில் பெரும்பாலோரை வரவழைப்பது டி.எஸ். எலியட். அவர் 1936 மே மாதம் வந்தார். 1942இல் இந்த ஊர்ப் பெயரையே தலைப்பாக வைத்து நீண்ட கவிதை ஒன்றை வெளியிட்டார். அதில் பன்றிக்கொட்டில் வருகிறது. மேரி விரட்டிய பன்றிகளுக்கு அப்படியொரு அமரத்துவம்.

வாசலுக்கு வெளியே மேசைபோல ஒரு கல்லறை. பெயர் இல்லை. நிக்கோலஸ் சொன்ன கணக்குப்படி அது கதவிலிருந்து ஏழடி தள்ளி இருக்கிறது. அந்த ஏழடியை அவர் அண்ணன் ஜானுக்காக விட்டுவைத்தார்: மூத்தவர்தான் தேவாலயத்துக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று.