சொட்டாக விழும் புகை

டீ ஆறட்டும், அதற்குள் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் விறகு எரிகிறது என்கிறோம். உற்றுப் பாருங்கள்: தீக்கொழுந்து கட்டையை விட்டுக் கொஞ்சம் தள்ளியே ஆடும். சூட்டில் கட்டை கக்குகிற ஆவிதான் அங்கே பற்றி எரிகிறது. காற்றுப் புகாமல் மூடிச் சுட்டால் அந்த ஆவி எரிய முடியாது, புகையாக வெளியேறும். உள்ளே கரி தங்கும். இதைத்தான் பைராலிசிஸ் என்கிறார்கள்.

காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரி சுடுகிறவர்களுக்குப் பழகிய வேலை இது. தொட்டியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கரியாகும். மீதி புகைபோக்கி வழியே போய்விடும். இந்தோனேசியாவில் அதையும் பிடித்து விற்கிறார்கள். அங்கே அதற்கு 'அசாப் சாயிர்' என்று பெயர். அசாப் என்றால் புகை, சாயிர் என்றால் திரவம்.

எப்படிப் பிடிப்பது? இட்லிப் பானை மூடியின் உட்புறம் நீர் கோத்து நிற்குமே, அதே கதைதான். புகையைக் குளிர்ந்த நீருக்குள் ஓடும் குழாயில் விட்டால், மறுமுனையில் பழுப்பு நீர் சொட்டும். குளிர்ந்தும் திரவமாகாத வாயுவை அடுப்புக்கே திருப்பி எரிக்கலாம்.

அந்த நீரில் என்ன இருக்கிறது? பெரும்பங்கு தண்ணீர். தொட்டியில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் முதலில் உடைந்து, வினிகரின் புளிப்பான அசிட்டிக் அமிலத்தைத் தரும். அதிலேயே உள்ள லிக்னின் மெதுவாக உடைந்து ஃபீனால்களைத் தரும். புகை வாசனைக்கும் கிருமியை அடக்கும் குணத்துக்கும் ஃபீனால்களே முக்கியக் காரணம். புகை போட்ட மாசிக் கருவாடு கெடாமல் இருப்பதில் இவற்றுக்கும் பங்குண்டு.

பிடித்த கையோடு பயன்படுத்தக் கூடாது. வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் மேலே மெல்லிய எண்ணெய், நடுவே தெளிந்த புகைநீர், அடியில் தார் என்று பிரியும். புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் பெரும்பாலும் தாரோடுதான் போகும். இந்தோனேசியர்கள் இதைத் தரம் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம் ரப்பர் பாலை உறைய வைக்க. கன்னியாகுமரியில் அதற்கு ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். புகைநீர் ஊற்றினால் ரப்பர்க் கட்டியின் நாற்றமும் குறையும். மறுபடி காய்ச்சி வடித்த உயர்ந்த தரங்கள்தான் உணவுக்கு.

ஆகவே, கரி சுடுகிற இடத்தில் ஒரு குழாயும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்தால் இன்னொரு சரக்கு கிடைக்கும், அக்கம்பக்கத்தார் கண்ணும் புகையிலிருந்து தப்பும். ஆனால் வடிக்காத புகைநீரைச் சமையற்கட்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள்.