கருக்கலைப்பு மாத்திரை: கடையில் வாங்கி விழுங்கலாமா?

மொழி தெரியாத ஊரில் டாக்டரிடம் பேசக் கூச்சப்பட்டு, மருந்துக் கடையிலேயே கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்கிவிடும் பெண்கள் உண்டு. இது ஆபத்தான வழக்கம்.

இதற்கு இரண்டு மருந்துகள் தரப்படுகின்றன. முதலாவதான மைஃபிப்ரிஸ்டோன், கர்ப்பம் நிலைக்க உதவும் ஹார்மோனைத் தடுக்கிறது. ஓரிரு நாள் கழித்துத் தரும் மிசோப்ரோஸ்டால், கருப்பையைச் சுருங்கச் செய்து கருவை வெளியேற்றுகிறது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 9 வாரத்திற்குள் மட்டுமே நம் நாட்டில் இம்முறைக்கு அனுமதி. டாக்டர் சீட்டும் அவசியம்.

முதலில் பரிசோதனை எதற்கு? கரு கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இம்மாத்திரை பயன்படாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கடுமையான இரத்தசோகை உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

வயிற்று வலியும் உதிரப்போக்கும் இயல்பே. ஆனால் தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பேட் முழுதும் நனைந்தாலோ, மயக்கம், விடாத காய்ச்சல், பொறுக்க முடியாத வலி கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனையும் தேவை.

1971ஆம் ஆண்டுச் சட்டம், சில நிபந்தனைகளுடன் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும். கணவரின் கையெழுத்து வேண்டியதில்லை. அவள் பெயரை வெளியிடவும் கூடாது. கூச்சத்திற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம், சகோதரிகளே!