"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" தனக்கென்று அரை மணி ஒதுக்காத சென்னைப் பெண்கள்!

சென்னை தியாகராயநகர் ரங்கநாதன் தெருவில் இரவு கடை ஷட்டர்கள் இறங்கும் நேரம். ஒரே நிறச் சேலை கட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருவார்கள். காலையில் கடை திறந்ததில் இருந்து வாடிக்கையாளர்களுக்குப் பட்டும் சுடிதாரும் விரித்துக் காட்டிய பெண்கள். மாம்பலம் ரெயில் நிலையப் படிக்கட்டில் ஏறும்போது அவர்கள் நடையைப் பார்த்தாலே தெரியும், கால் என்ன பாடு பட்டிருக்கிறது என்று.

வீட்டுக்குப் போனதும் உட்காருவார்களா? அதுதான் இல்லை. அடுப்படி காத்திருக்கும். பிள்ளைக்கு பிஸ்கெட் பாக்கெட் வாங்க மறக்காது. மாமியாருக்கு மாத்திரை வாங்க மறக்காது. தனக்கு என்று வரும்போது மட்டும் கை பர்சுக்குள் போகாது. "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார்கள்.

கடைப் பெண்கள் மட்டுமல்ல. ஆபீஸ் குமாஸ்தா, வீட்டு வேலைக்குப் போகிறவர், வீட்டோடு இருக்கிறவர் எல்லோருக்கும் இதே பல்லவிதான்.

காசு இல்லாததுதான் காரணமா? பாதிதான் அது. மீதிப் பாதி, நேரம்!

மத்திய அரசு 2024-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பெண் ஒருவர் ஒரு நாளில் சராசரியாகச் செலவிடும் நேரம் 289 நிமிடம். அதாவது ஐந்து மணிக்குப் பதினோரு நிமிடம்தான் குறைவு. ஆண் செலவிடுவது 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் கணக்கு. பேப்பரும் கையுமாக உட்கார்ந்து விடுகிறவர்கள் இதில் சேர்த்தி இல்லை!

நிற்கும் கால்கள்

கடைகளில் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட வேண்டிய நிலையே வந்தது. கேரளத்தில் 2018-ல் வந்தது. தமிழ்நாட்டில் 2021-ல், 1947-ம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று கொண்டு வந்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் தீபாவளிக் கூட்டம் முட்டி மோதும்போது ஸ்டூலில் உட்கார எந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும்?

ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது காலுக்கு மரியாதை செய்யுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப், கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், ஒரு பிடி கல் உப்பு. கால் மணி நேரம் காலை வைத்தபடி சும்மா உட்கார வேண்டும். கீரை ஆயக்கூடாது! பிறகு பீர்க்கங்கூட்டால் குதிகாலைத் தேய்த்து, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பழைய காட்டன் சாக்சை மாட்டிக்கொண்டு படுக்கலாம். பித்தவெடிப்பு மெல்ல மெல்ல அடங்கும். பார்லரில் பெடிக்யூர் என்று நூற்றுக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்வதில் பெரும் பகுதி இதுதான்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதைச் செய்யக்கூடாது. கால் மரத்துப் போயிருந்தால் சூடு தெரியாது. வெந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் லேசில் ஆறாது. அவர்களுக்கு எண்ணெய் தடவிக்கொள்வதே போதும். அதையும் விரல் இடுக்கில் தடவக்கூடாது.

வெள்ளிக்கிழமை தலைமுழுக்கு

செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு. புதன், சனி ஆண்களுக்கு. எண்ணெய்க் குளியலுக்கு வீட்டுப் பெரியவர்கள் போட்டு வைத்த டைம்டேபிள் இது. வெள்ளிக்கிழமை காலையில் ரெயிலைப் பிடிக்கிறவளுக்கு ஏது எண்ணெய்க் குளியல்? ஷாம்பு சாஷேயைக் கிழித்துத் தலையில் ஊற்றி, ஈரத் தலையோடு ஓட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டால் ஒன்றும் தெய்வ குற்றமாகி விடாது.

நல்லெண்ணெயை லேசாகச் சுட வைத்து உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரை தேய்த்து, அரை மணி ஊற வேண்டும். சீயக்காய், பச்சைப் பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் நூறு வருடத்தைத் தாண்டிய டப்பா செட்டி கடையில் இதற்கென்றே வந்து நிற்கிறவர்கள் உண்டு. காய வைத்து மில்லில் அரைத்து வைத்தால் மாதக்கணக்கில் வரும். தலை காய சாம்பிராணிப் புகை. ஆஸ்துமா உள்ளவர்கள் புகையை விட்டு விடலாம். பாத்ரூம் தரையில் எண்ணெய் வழுக்கும். வயதானவர்கள் பார்த்து கால் வைக்க வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக்கூடாது என்பார்கள் பாட்டிமார்கள். தூங்க விட்டால்தானே!

இந்த இடத்தில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. எண்ணெய் வாங்கிக் கொடுத்து விட்டால் கடமை முடிந்து விடாது. அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு பக்கம் போய் வர வேண்டும். பாத்ரூம் கதவைத் தட்டி "என் சட்டை எங்கே?" என்று கேட்கிற பழக்கத்தை விட வேண்டும்.

பூ யாருக்கு?

மல்லிகைக்கு ஒரு கணக்கு உண்டு. மார்கழி, தை பனியில் செடி பூப்பது குறைந்து, கோயம்பேடு மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். முகூர்த்த நாளில் கேட்கவே வேண்டாம். வெயில் காலத்தில் வரத்து கொட்டும், விலை இறங்கும். அப்போது வாரம் ஒரு முழம் யாருக்கும் கட்டுபடியாகும்.

ஆனால் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதான் என்று சில பெண்கள் இருக்கிறார்கள். "அவர் போனதோட பூவும் போச்சு" என்பார்கள். பேங்கில் வேலை பார்ப்பார்கள், பெண்ணைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள், தெருவில் பூக்கூடையைக் கண்டால் மட்டும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். ஆசை இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டு வாய்க்குப் பயம். பிறந்ததில் இருந்து தலையில் வைத்த பூ அது. கல்யாணத்தோடு வந்ததில்லையே, பிறகு எப்படிப் போகும்? மகள்மார்கள் வாங்கி வந்து கையில் கொடுக்காமல், தாங்களே அம்மா தலையில் வைத்து விட்டால் பாதிப் பயம் தீரும்.

கை கட்டிப்போடும் மருதாணி

இருக்கிற சுகத்திலேயே பெரிய சுகம் மருதாணிதான். நிறத்துக்காக மட்டுமல்ல. இரண்டு கையிலும் வைத்து விட்டால் அவளால் ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. "இந்தக் கையோட எப்படி?" என்று தைரியமாகச் சொல்லலாம். யாராவது சோறு பிசைந்து ஊட்டத்தான் வேண்டும். முகத்தில் விழும் முடியைக்கூட இன்னொருவர் ஒதுக்கி விட வேண்டும். வருடம் முழுக்க ஊட்டியவளுக்கு அன்று ஒரு நாள் ஊட்டல்!

இலை கிடைத்தால் கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து மைய அரைக்கலாம். அம்மி இல்லாத வீட்டில் மிக்சியே போதும். கோன் வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை! பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்பது மருதாணி ஆகாது. மருதாணிக்குக் கறுப்பாகப் பிடிக்கும் குணமே கிடையாது. முடிச்சாயத்தில் போடும் மருந்தைச் சிலர் அதில் கலக்கிறார்கள். சிலருக்குக் கை கொப்பளித்து விடும்.

உண்மையான மருதாணி கழுவியதும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் போன பிறகே செக்கச்செவேல் என்று ஆகும். அதுவரை சோப்புத் தண்ணீரில் கை படாமல் இருந்தால் நிறம் நிற்கும். வீட்டுப் பாத்திரங்களை அந்த இரண்டு நாளும் வேறு யாராவது தேய்ப்பது உத்தமம்.