நெடுஞ்சாலையில் ஆண்டுக்கு நூறு வண்டி

காப்புரிமை மனுவை ஆய்வுக்கு எடுக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன்பெல்லாம் 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச் 15இல் வந்த விதித் திருத்தம் அதை 31 மாதமாக வெட்டிவிட்டது. அந்த மார்ச் இறுதியில் முதல் மனு போட்டவர்களுக்கு 2026 அக்டோபர் இறுதியில் கெடு முடிகிறது. அதற்குள் படிவம் 18 அல்லது 18ஏ போகாவிட்டால், மனுவைத் திரும்பப் பெற்றதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு மனுவை பி.சி.டி. என்ற சர்வதேசக் காப்புரிமை உடன்படிக்கை வழியாக இந்தியாவுக்குள் கொண்டுவரும் கெடுவும் 31 மாதம்தான் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர் உண்டு. ஆனால் கடலூர் சிப்காட் பக்கமிருந்தும் சிதம்பரம் அண்ணாமலை நகரிலிருந்தும் வரும் கடிதங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது வேறு கேள்வி: ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களாமே, நம் மனு தானாக வேகமெடுக்காதா?

எடுக்காது.

அந்த ஏற்பாட்டின் பெயர் பேட்டன்ட் பிராசிக்யூஷன் ஹைவே, சுருக்கமாக பி.பி.ஹெச்.: ஒரு நாட்டு அலுவலகம் ஏற்ற மனுவுக்கு மற்ற நாட்டு அலுவலகம் ஆய்வில் முன்வரிசை தரும். 2006இல் ஜப்பானும் அமெரிக்காவும் சோதனையாகத் தொடங்கியது. 2014இல் பல நாட்டு அலுவலகங்கள் சேர்ந்து அதைப் பொது ஏற்பாடாக விரித்தபோதும் இந்தியா ஒதுங்கியே நின்றது. 2019 நவம்பரில்தான் ஜப்பானோடு மட்டும் மூன்றாண்டுச் சோதனைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தேக்கம் குறையும், தரம் சீராகும், நம் ஸ்டார்ட்அப்களும் சிறு தொழில்களும் ஜப்பானில் விரைவாகக் காப்புரிமை பெறும் என்று அப்போது சொல்லப்பட்டது. நெடுஞ்சாலை என்பது பெயரில்தான். அந்தச் சோதனையில் இந்திய அலுவலகம் ஆண்டுக்கு ஏற்றுக்கொள்ளும் கோரிக்கைகளுக்கு 100 என்று உச்சவரம்பு இருந்தது. ஒரு விண்ணப்பதாரருக்கு 10.

இதன் சூட்சுமம் கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வரையறையில் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் ஓடுகிற மாதிரி ஒரு முந்திரி உடைக்கும் இயந்திரத்துக்கு ஜப்பானில் முதலில் மனு போட்டதாக வைத்துக்கொள்வோம். எந்த வெட்டுக்கத்தி வைத்தாலும் என் உரிமை என்று கேட்டவரிடம், ஸ்பிரிங் வைத்த இரட்டைக் கத்திக்கு மட்டும் தருகிறோம் என்கிறது ஜப்பான் அலுவலகம். அதை வைத்து இங்கே முன்வரிசை கேட்க வேண்டுமானால், இந்திய மனுவிலும் இரட்டைக் கத்தி, ஸ்பிரிங் என்றே கிளெய்ம் இருக்க வேண்டும். இன்னும் குறுக்கிக்கொள்ளலாம், அகலப்படுத்த முடியாது. இங்குள்ள கிளெய்ம் ஒவ்வொன்றும் அங்கே ஏற்கப்பட்ட எந்தக் கிளெய்மோடு பொருந்துகிறது என்று அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். இங்கே ஆய்வு தொடங்கியிருக்கவும் கூடாது. கெட்டிக்கார ஏற்பாடுதான்: முதல் அலுவலகம் தேடிய தேடலை இரண்டாவது அலுவலகம் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. வேகத்துக்கு விலையாக விண்ணப்பதாரர் தருவது கிளெய்மின் அகலம்.

இரண்டு அலுவலகங்களும் அவரவர் சட்டப்படி தனித்தனியாகவே முடிவெடுக்கும் என்பது அரசுத் தரப்பு உறுதி. காகிதத்தில் அது சரி. விரைவு ஆய்வில் ஆய்வாளருக்குக் கிடைப்பது ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். மேசையில் ‘ஏற்கத்தக்கது’ என்ற ஜப்பான் அறிக்கை கிடக்கும்போது, எதற்கெல்லாம் காப்புரிமை இல்லை என்று சொல்லும் நம் சட்டத்தின் 3ஆம் பிரிவை அவர் எவ்வளவு பொறுமையாகப் புரட்டுவார்? ஜப்பான் சட்டம் 2002 திருத்தத்திலிருந்து கணினி நிரலையே ஒரு பொருளாக ஏற்கிறது. நம் பிரிவு 3(கே) நிரலை நிரலாகவே கேட்டால் மறுக்கிறது. அங்கே பாஸான கிளெய்ம் இங்கே அப்படியே முட்டி நிற்கும், நிற்கவும் வேண்டும்.

வெளிநாட்டின் ‘சரி’யை அப்படியே வாங்கிக்கொள்ளாததற்குச் சென்னை அலுவலகத்திலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998இல் மனு போட்டது இங்கேதான். அமெரிக்கா உட்படப் பல நாடுகள் காப்புரிமை தந்தன. சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும், தெரிந்த மருந்தின் புது வடிவம் கூடுதல் சிகிச்சைப் பலனைக் காட்ட வேண்டும் என்ற பிரிவு 3(டி)யை வைத்து அந்த நிராகரிப்பை உறுதி செய்தது.

ஜப்பான் ஏற்பாட்டில் இந்திய அலுவலகம் திறந்துவிட்ட துறைகளைப் பார்த்தால் இந்த வழக்கின் நிழல் தெரிவதாகத் தோன்றுகிறது. மின்சாரம், மின்னணு, கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், இயற்பியல், சிவில், மெக்கானிக்கல், ஜவுளி, ஆட்டோமொபைல், உலோகவியல் என்று நீளும் பட்டியலில் ரசாயனம் இல்லை, மருந்து இல்லை, உயிரித் தொழில்நுட்பம் இல்லை. கடலூர் சிப்காட் பேர்போனதே ரசாயனத்துக்கும் மருந்து மூலப்பொருளுக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் கடல்வாழ் உயிரியலுக்கு. இந்தப் பட்டியலால் பயன் நெய்வேலிக்கு இருக்கலாம், கோயம்புத்தூருக்கு நிச்சயம் இருக்கும்.

எதிர்த்திசையில் தடை இல்லை. ஜப்பான் எல்லாத் துறைகளையும் ஏற்றது, பி.பி.ஹெச். கோரிக்கைக்குத் தனிக் கட்டணமும் கிடையாது. ஆனால் அதற்கு இந்திய அலுவலகம் முதலில் ‘சரி’ சொல்லியிருக்க வேண்டும். கிண்டியிலுள்ள சென்னை அலுவலகத்தில் சாதாரண வரிசையில் நிற்கும் மனுவுக்கு அந்தச் சொல் வருவதற்குள் ஜப்பான் தன் ஆய்வைத் தானே முடித்துவிட்டால், பாதை இருந்தும் போக வண்டி இருக்காது.

ஆக, கடலூர் மாவட்டத்துக்காரர்கள் பார்க்க வேண்டியது டோக்கியோவை அல்ல, நம் காப்புரிமை விதி 24சியை. ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், அரசுத் துறை, அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் எல்லாம் 18ஏ படிவத்தில் விரைவு ஆய்வு கேட்கலாம். 2013இல் அரசு வசமான அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இதற்குள் வரும். தனிநபர்களாக மனு போடுவோரில் ஒருவராவது பெண் என்றாலும் போதும். இங்கே ஒரு பொறி: அந்தப் பெண் விண்ணப்பதாரராக இருக்க வேண்டும். பெரிய கம்பெனி பெயரில் மனு போட்டுவிட்டுக் கண்டுபிடித்தவர் பெண் என்று சொன்னால் செல்லாது. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் 8,000 ரூபாய், மற்றவர்களுக்கு 60,000.

மீதிக் கேள்விகள்.

ஏற்கெனவே படிவம் 18 போட்டுவிட்டால்? தகுதி இருந்தால் வித்தியாசத் தொகையைக் கட்டி 18ஏவாக மாற்றிக்கொள்ளலாம்.

பண்ருட்டிப் பலாவுக்குக் காப்புரிமை? தாவரத்துக்குக் கிடையாது, பிரிவு 3(ஜே).

பிச்சாவரம் அலையாத்திச் சாற்றிலிருந்து எடுத்த பொருளுக்கு? மற்ற எல்லாத் தடையும் தாண்டினாலும், பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தப்படி காப்புரிமை கைக்கு வருமுன் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிந்தாக வேண்டும். அந்த வரிசையை எந்த நெடுஞ்சாலையும் குறைக்காது.

நேராக ஜப்பானில் முதல் மனு போடலாமா? பிரிவு 39 அனுமதி இல்லாமல் கூடாது. அல்லது இங்கே போட்டு ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

18ஏ போட்டால் வெளிநாட்டு வாய்ப்பு போய்விடுமா? அதுவாகப் போகாது. ஆனால் மனு இன்னும் வெளியாகவில்லை என்றால், 18ஏவோடு முன்கூட்டியே வெளியிடக் கேட்கும் படிவம் 9ஐயும் சேர்த்தே தர வேண்டும். பிறகு வெள்ளிதோறும் வரும் காப்புரிமை இதழில் அது சீக்கிரமே அச்சாகிவிடும். முதல் மனு போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் ஜப்பானுக்கோ பி.சி.டி. வழியிலோ மனு போகாவிட்டால், அங்குள்ள ஆய்வாளர் முதலில் எடுத்து வைக்கப்போவது நம் இதழில் வெளியான உங்கள் சொந்த மனுவைத்தான்.