பழைய மோட்டார் வண்டியிற் சுழற்சிமானி

கொழும்பிலிருந்து முன்னேஸ்வரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நீர்கொழும்பைக் கடந்து தென்னந்தோப்புகளினூடே சிலாபம் வரை செல்லும் வீதி, ஏற்ற இறக்கம் இன்றிக் கடலை அடுத்துக் கிடப்பது. ஆவணிப் பெருவிழாவின் போது அவ்வழிச் செல்லும் வண்டிகளிடையே மொறிஸ் மைனர் ஒன்றைக் காண்பது இன்றும் வியப்பன்று. 1948இல் இங்கிலாந்திற் பிறந்து 1971இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டி, இலங்கையில் நீடித்து வாழ்வதற்குக் காரணம் பற்று மட்டுமன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இன் பின்னரே அது தளர்ந்தது. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 வரை கதவு திறக்கப்படவில்லை. உள்ளதைத் திருத்தி ஓட்டுதல் இத்தீவில் ஒரு கலையாகவே வளர்ந்தது.

மைனரின் முகப்பில் நடுநாயகமாக விளங்குவது வேகமானி ஒன்றே. இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கின்றது என்பதைக் காட்டும் சுழற்சிமானி அதில் இல்லை. பழகிய சாரதிக்குச் செவியே போதும் என்பர். அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் எரிகலப்பியைச் சீர்செய்யும்போது வெறுமனே ஓடும் வேகத்தைச் செவியால் அளத்தல் அரிது. 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் தன் முழு வலுவாகிய 37 குதிரைவலுவை 4750 சுழற்சியில் தருவது. அதற்குமேல் அதனை விரட்டுதல் முதிர்ந்த இயந்திரத்துக்கு நன்றன்று.

அதே குடும்பத்து இயந்திரத்தைக் கொண்ட ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் விளையாட்டு வண்டிக்குத் தொடக்கத்திலேயே சுழற்சிமானி இருந்தது. டைனமோவின் பின்முனையிற் பொருத்திய சிறு பற்சக்கரப் பெட்டி, சுழலும் கம்பி ஒன்றால் அதனை இயக்கியது. இன்று கடையில் வாங்கிப் பொருத்துவன மின்னாற் செயற்படுவன. அவை சுழற்சியை நேரே அளப்பதில்லை, தீப்பொறிகளை எண்ணுகின்றன.

நான்கு அடிப்பு இயந்திரத்தில் ஒவ்வோர் உருளைக்கும் இரு சுழற்சிக்கு ஒரு பொறி வேண்டும். ஆகவே நான்கு உருளைகளுக்கு ஒரு சுழற்சிக்கு இரு பொறிகள். 3000 சுழற்சியில் நிமிடத்துக்கு 6000 பொறி, செக்கனுக்கு 100. டிஸ்ரிபியூட்டரின் தொடுமுனைகள் பிரியுந்தோறும் கொயில் எனப்படும் தூண்டற்சுருளின் முதற்சுற்றில் சில நூறு உவோற்று அழுத்தம் கணப்பொழுது எழும். அத்துடிப்பே கருவி எண்ணும் பொருள். கருவியின் பின்புறத்தில் 4, 6, 8 எனக் குறித்த ஆளி பெரும்பாலும் இருக்கும். அதனைத் தவறுதலாக 6இல் விட்டால், இயந்திரம் 4800இல் அலறுகையில் முள் 3200 என்று சாந்தமாகக் காட்டி நிற்கும்.

இனி, இப்பணியில் மிகுதியும் இடறச் செய்வது மின்முனை பற்றியது. அக்கால ஆங்கில வண்டிகள் பலவற்றைப் போல மைனரிலும் மின்கலவடுக்கின் நேர்முனையே வண்டியின் உடலோடு தொடுக்கப்பட்டது. இக்காலக் கருவிகளோ மறைமுனை உடலோடு சேர்ந்த வண்டிகளுக்கென ஆக்கப்படுவன. கருவியோடு வரும் தாள், சமிக்கைக் கம்பியைக் கொயிலின் மறைமுனையில் இணைக்கச் சொல்லும். பழைய மைனரில் அம்முனை ஆளியிலிருந்து மின் வரும் முனை. அங்கே இணைத்தால் முள் அசையாது. டிஸ்ரிபியூட்டரோடு சேர்வது மற்றைய முனை. பழைய லூக்காஸ் கொயிலில் அது சி.பி. என்று பொறிக்கப்பட்டிருக்கும். இது பிழைத்தாற் பெருங்கேடில்லை. கறுப்புக் கம்பியை உடலிலும் சிவப்புக் கம்பியை ஆளி வழி வரும் மின்னிலும் தாளிற் சொன்னபடி இணைப்பதே கேடு: மின்னோட்டம் தலைகீழாகப் பாய்ந்து கருவியின் நுண்ணுறுப்புகள் கணத்திற் கருகலாம்.

சிலர் இரு கம்பிகளையும் மாற்றித் தொடுத்துக் கருவியை உடலிற் படாமல் இறப்பரிற் பொதிந்து தொங்கவிடுவர். இது அரைகுறை வழி. கருவியின் உலோகக் கூடு கறுப்புக் கம்பியோடு இணைந்திருப்பின், கூடு முகப்பிற் பட்டதும் குறுஞ்சுற்று உண்டாகும். இப்படிப் பிணைத்த கருவிகளுட் சில துடிப்பையும் சரிவர எண்ணா. நேர்முனைத் தொடுப்புக்கென்றே செய்த கருவியை வாங்குதல் நேரிய வழி. அன்றேல் வண்டியையே மறைமுனைத் தொடுப்புக்கு மாற்றலாம். மின்கலவடுக்கின் கம்பிகளையும் கொயிலின் கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். பின்னர் டைனமோவின் கம்பிகளைக் கழற்றி, அதன் எப். முனையை மின்கலவடுக்கின் நேர்முனைக் கம்பியாற் கணப்பொழுது தீண்டிக் காந்தத் திசையை மாற்றவேண்டும். பழைய றேடியோ இருப்பின் அது இம்மாற்றத்தைத் தாங்காது என்பதை மறத்தலாகாது.

கம்பிகளின் நிறம் லூக்காஸ் முறையில் ஒழுங்கானது. ஆளிக்கும் பியூசுக்கும் பின் வருவது பச்சை. கருவிக்கு வேண்டிய மின்னை அதிலிருந்து பெறுக. பியூசைக் கடவாத வெள்ளையைத் தொடுதல் வேண்டா. வெள்ளையிற் கறுப்புக் கோடிட்டது கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குச் செல்வது, சமிக்கை அங்கிருந்தே.

இச்சமிக்கைக் கம்பியே முழுப் பணியிலும் அபாயமானது. அதன் உறை தேய்ந்து செம்பு உடலிற் பட்டால், தொடுமுனைகள் மூடியே நிற்பதற்கு ஒப்பாகும், பொறி எழாது, வண்டி நடுவீதியில் நின்றுவிடும். தீச்சுவரைக் கடக்கும் துளையில் இறப்பர் வளையம் இடாதவன் இதனை இரவிலே அறிவான். உப்புக்காற்று வீசும் இக்கரையில், முறுக்கிச் சுற்றிய இணைப்புகள் விரைவிற் பச்சை பூக்கும். ஈயம் பற்றவைத்து உறையிடுதலே தகும். பிளக்குகளுக்குச் செல்லும் உயரழுத்தக் கம்பிகளிலிருந்தும் விலக்கி வைத்தால் முள் துடியாது.

கருவி சரியோ என்று அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. 948 கன சென்ரிமீற்றர் மைனர், உரிய அளவான சில்லுகளோடு, மேற்கியரில் 1000 சுழற்சிக்கு மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர் செல்வது. சிலாபத்துக்கு முந்திய சமவீதியில் மணிக்கு 48 கிலோமீட்டரில் நிலையாகச் செலுத்தினால் முள் 2000ஐ அண்டி நிற்கவேண்டும். 1000இல் நிற்குமாயின், பின்புறத்து ஆளி 8இல் இருக்கின்றது.