அடுக்கத்துல இருந்து ஆப்பிரிக்காவுக்கு: வெளிநாட்டு மிஷன் ஸ்கூல் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பண விஷயத்துல முடிக்க வேண்டிய 7 வேலைகள்

நம்ம சேனல்ல என்ஆர்ஐ வரி பத்தி வீடியோ போட்டா வர்ற கேள்விகள்ல பாதி துபாய், சிங்கப்பூர் ஐடி வேலைங்கதான். போன மாசம் வந்த கேள்வி வேற மாதிரி இருந்தது. கேட்டவர் 27 வயசு டீச்சர். பழனி மலையில அடுக்கம்தான் சொந்த ஊர். பெரியகுளத்துல இருந்து கும்பக்கரை வழியா கொடைக்கானல் ஏறுற ரோட்டுல வரும் அந்த ஊர். அப்பாவுக்கு 2 ஏக்கர்ல காபி, மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு.

"அண்ணே, கென்யாவுல ஒரு கிறிஸ்தவ போர்டிங் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் வேலை கிடைச்சிருக்கு. ஆகஸ்ட்ல ஜாயின் பண்ணணும். சம்பளம் கம்மிதான், ஊழியம்னு போறேன். பணத்துல நான் என்னென்ன பார்க்கணும்?"

ஊழியம்னு போறவங்க பணக் கேள்வியைக் கேட்கவே கூச்சப்படுவாங்க. இவர் கேட்டாரு. அதனால ஒரு பெரிய தப்பு நடக்காம தப்பிச்சது. அது என்னன்னு 4வது பாயிண்ட்ல சொல்றேன்.

இது புது விஷயம் இல்லை

இந்த மலைக்கு ஒரு காலத்துல எதிர்த்திசையில ஆள் வந்தாங்க. மதுரையில இருந்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளிக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்துல பலரை இழந்த பிறகு, 1845ல் கொடைக்கானல்ல முதல் வீடுகளைக் கட்டினாங்க. அப்போ வண்டிப் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கத்துல இருந்து நடந்தும் டோலியிலும்தான் ஏறணும். அவங்க பிள்ளைகளுக்காக 1901ல் ஹைகிளர்க் என்ற பெயர்ல ஒரு பள்ளி ஆரம்பிச்சது. அதுதான் இன்னைக்கு கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்.

கென்யாவுலயும் இதே கதைதான். 1906ல் ஆரம்பிச்ச ரிஃப்ட் வேலி அகாடமி, கிஜாபே என்ற மலை ஊர்ல இருக்கு. அதுவும் மிஷனரி பிள்ளைகளுக்காகத் தொடங்கின போர்டிங் ஸ்கூல்தான். உயரமும் ஏறக்குறைய கொடைக்கானல் அளவு. அடுக்கத்துக்காரருக்கு அந்தக் குளிர் பழகிடும். புதுசா இருக்கப் போறது பேப்பர் வேலை. அதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

1. ஆஃபர் லெட்டர்ல என்ன வார்த்தை இருக்கு?

மிஷன் ஸ்கூல் வேலைகள் மூணு வகையா வரும். ஸ்கூலே முழுச் சம்பளம் தரும். இல்லைன்னா வீடு, சாப்பாடு கொடுத்து சின்ன உதவித்தொகை தரும். மூணாவது வகையில ஸ்கூல் ஒண்ணும் தராது; உங்க சபை, நண்பர்கள் மாசாமாசம் அனுப்புற பணத்துலதான் நீங்க வாழணும்.

லெட்டர்ல வெறும் 'வாலண்டியர்'னு இருந்தா உஷாரா இருங்க. நம்ம வரிச் சட்டத்துல, வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்புற இந்தியருக்கு ஒரு தனிச் சலுகை இருக்கு (அடுத்த பாயிண்ட்). வாலண்டியரா போறவரை 'வேலைக்குப் போனவர்'னு நிரூபிக்கிறது கஷ்டம். அதனால பதவி, காலம், மாதத் தொகை, வீடு, டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் எழுதின நியமனக் கடிதம் வாங்குங்க. பர்மிட் எந்த வகைன்னும் கேளுங்க. கென்யாவுல சாதாரண வேலைக்கு ஒரு வகை, மத, தொண்டு அமைப்பு வேலைக்கு வேற வகை.

நடுவுல ஏஜென்ட் இருந்தா, இ-மைக்ரேட் தளத்துல அவர் பதிவு பெற்றவரான்னு பார்த்துட்டு அப்புறமா பணத்தைப் பத்திப் பேசுங்க.

2. கிளம்புற தேதி: செப்டம்பர் 28

வேலைக்காக வெளிநாடு போற வருஷத்துல, நீங்க இந்தியாவுல 182 நாள் அல்லது அதுக்கு மேல இருந்தா ரெசிடென்ட். குறைவா இருந்தா நான்-ரெசிடென்ட். ஏப்ரல் 1ல இருந்து எண்ணினா செப்டம்பர் 28 வரைக்கும் 181 நாள். அதுக்குள்ள விமானம் ஏறிட்டா, அந்த நிதியாண்டுல நீங்க அங்கே சம்பாதிக்கிற சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனா அதே மார்ச் 31க்குள்ள நீண்ட லீவுல திரும்பி வந்தா, அந்த நாட்களும் இந்தக் கணக்குல சேரும்.

நம்ம தம்பி ஆகஸ்ட்ல போறாரு, பிரச்சினை இல்லை. ஜனவரியில ஸ்கூல் தொடங்குதுன்னு டிசம்பர் கடைசியில கிளம்புறவருக்கு அப்படி இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வாங்குற சம்பளத்தையும் இங்கே ரிட்டர்ன்ல காட்டணும். அங்கே வரி கட்டியிருந்தா ஒப்பந்தப்படி கிரெடிட் எடுக்கலாம். இந்தியாவுக்கும் கென்யாவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கு.

இன்னொண்ணு: சம்பளத்தை முதல்ல அங்கேயே ஒரு அக்கவுண்ட்ல வாங்கிட்டு, அப்புறம் ஊருக்கு அனுப்புங்க. முதல் ரசீதே இந்திய அக்கவுண்ட்ல விழுந்தா, 'இந்தியாவுல பெற்ற வருமானம்'னு தேவையில்லாத கேள்வி வரும்.

3. நண்பர்கள் தர்ற சப்போர்ட்டுக்கு வரி உண்டா?

பலருக்கு அதிர்ச்சி தர்ற பாயிண்ட் இது. 20 நண்பர்கள் மாசம் ஆளுக்கு 1,000 ரூபாய் போடுறாங்கன்னு வைங்க. வருஷத்துக்கு 2,40,000 ரூபாய். உறவினர் இல்லாதவங்க கிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டி அன்பளிப்பு வந்தா, தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, முழு 2,40,000மும் உங்க வருமானத்துல சேரும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க கொடுத்தா இது பொருந்தாது.

இந்தியாவுல வேற வருமானம் இல்லைன்னா, இந்தத் தொகை அடிப்படை விலக்கு வரம்புக்குள்ள அடங்கி வரி பூஜ்யமாகலாம். ஆனா '12 லட்சம் வரைக்கும் வரி இல்லையே'ன்னு நினைச்சு அசந்துடாதீங்க. அந்த ரிபேட் ரெசிடென்ட்டுக்கு மட்டும்தான், என்ஆர்ஐக்குக் கிடையாது.

உங்க சொந்த அக்கவுண்டுக்குப் பணம் போடுற நண்பருக்கு நன்கொடை வரி விலக்கும் கிடைக்காது. அதை முதல்லயே அவர்கிட்ட நேர்மையா சொல்லிடுங்க.

மக்கள் காசு சேர்த்து ஆள் அனுப்புறது நமக்குப் பழசுதான். 1903ல் திருநெல்வேலியில தொடங்கின இந்தியன் மிஷனரி சொசைட்டி, உள்ளூர் சபைகளோட காணிக்கையில தெலுங்கு நாட்டு டோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினது. அந்தக் காசுக்குப் பின்னாடி ஒரு அமைப்பும் கணக்கும் இருந்தது. உங்க சப்போர்ட்டுக்கும் அப்படி ஒரு கணக்கு வேணும். யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு ஒரு எக்செல் ஷீட் போதும்.

4. அப்பா நிலம்: ஃப்ளைட் ஏறுற முன்னாடி

தம்பி பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னாரு: "அப்பா 1 ஏக்கரை என் பேருக்கு எழுதி வைக்கிறேன்னாரு. நான்தான், அடுத்த வருஷம் லீவுல வரும்போது பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன்."

இங்கதான் அவரை நிறுத்தினேன்.

வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பின நாள்ல இருந்து, ஃபெமா சட்டப்படி நீங்க வெளிநாட்டுவாசி. இதுக்கு 182 நாள் கணக்கெல்லாம் இல்லை. வரிச் சட்டம் வேற, ஃபெமா வேற. வெளிநாட்டுவாசி இந்தியாவுல வீடு, ஃபிளாட் வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு வாங்க முடியாது. அன்பளிப்பாகவும் வாங்க முடியாது, அப்பாவே கொடுத்தாலும் சரி.

ஏற்கெனவே உங்க பேர்ல இருக்கிற நிலத்தை வச்சுக்கலாம். வாரிசா பின்னாடி வந்து சேர்ற நிலமும் செல்லும். ஆனா அடுத்த வருஷ லீவுல செட்டில்மெண்ட் பத்திரம் போட்டிருந்தா, அது ஃபெமா மீறல். பத்திர ஆபீஸ்ல யாரும் தடுக்காமலே பதிவாகியிருக்கலாம். பல வருஷம் கழிச்சு விற்கும்போதோ பணத்தை வெளியே கொண்டு போகும்போதோதான் சிக்கல் வெளியே வரும்.

அதனால ரெண்டே வழி. ஒண்ணு, கிளம்புறதுக்கு முன்னாடி பத்திரம் போட்டு, பட்டாவையும் மாத்திடுறது. குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட்டுக்கு தமிழ்நாட்டுல 1% முத்திரைத்தீர்வைதான், அதுக்கு உச்சவரம்பும் இருக்கு. ரெண்டு, இப்போ எழுதாம அப்பா உயில் எழுதி வைக்கிறது. எதுன்னு குடும்பம்தான் முடிவு பண்ணணும். தங்கச்சிக்கு என்ன பங்குன்னு அதே உட்கார்வுல பேசிடுங்கன்னும் சொன்னேன். ஆள் கடல் தாண்டி இருக்கும்போது அந்தப் பேச்சு நல்லா முடியாது.

5. பேங்க், முதலீடு, பிஎஃப்

சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்டை அப்படியே ஓட்டக் கூடாது. அதை என்ஆர்ஓவா மாத்தணும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்குத் தனியா என்ஆர்இ. என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் தடையில்லாம திருப்பி எடுத்துக்கலாம். என்ஆர்ஓ வட்டியில 30 சதவீதமும் செஸ்ஸும் டிடிஎஸ்ஸா பிடிப்பாங்க. ரிட்டர்ன் போட்டு, கூடுதலா பிடிச்சதைத் திரும்ப வாங்கலாம்.

பழைய பிபிஎஃப் முதிர்ச்சி வரைக்கும் ஓடலாம், புதுசா தொடங்க முடியாது. மியூச்சுவல் ஃபண்டுல கேஒய்சியை என்ஆர்ஐன்னு மாத்துங்க, எஸ்ஐபி நிக்க வேண்டியதில்லை. இங்கே பார்த்த வேலையோட பிஎஃப்ல, 5 வருஷ சர்வீஸ் முடியாம பணம் எடுத்தா பொதுவா வரி வரும். ஆதார், பான், பேங்க் மூணுக்கும் கொடுத்த மொபைல் நம்பர் உயிரோட இருக்கணும். ஓடிபி வராம தவிக்கிற என்ஆர்ஐக்களை வாராவாரம் பார்க்கிறேன்.

6. யாருக்கு எவ்வளவு?

மிஷன் வேலையில பல இடத்துல பிஎஃப்பும் இருக்காது, கிராஜுவிட்டியும் இருக்காது. அதனால கைக்கு வர்ற 100 ரூபாயை நாலாப் பிரிங்க. என் கணக்கு: அங்கே வாழ 50, வீட்டுக்கும் கடனுக்கும் 25, திரும்பி வர்ற நிதிக்கு 15, ஓய்வுக்காலத்துக்கு 10. என்பிஎஸ் என்ஆர்ஐயும் போடலாம்.

அந்தத் 'திரும்பி வர்ற நிதி' முக்கியம். ஒப்பந்தம் 2 வருஷத்துல முடியலாம், பர்மிட் நீடிக்காம போகலாம். ஒரு டிக்கெட், ஆறு மாசச் செலவு கையில இருந்தா, தலை நிமிர்ந்து வீட்டுக்கு வரலாம். டேர்ம் இன்சூரன்ஸும் பெற்றோர் மெடிக்ளைமும் கிளம்புறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. மலையில அவசரம்னா கீழே இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரி. மழைக்காலத்துல மண் சரிஞ்சா சுத்திப் போற செலவும் சேரும்.

7. பேப்பர் ஃபைல்

டிகிரி சான்றிதழ் சரிபார்ப்பு, போலீஸ் கிளியரன்ஸ் (பிள்ளைகளோட வேலைன்னா கட்டாயம் கேட்பாங்க), மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்த ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்று செல்லும். அது இல்லாம கென்யாவுல இருந்து திரும்பினா, இங்கே ஏர்போர்ட்லயே தனிமைப்படுத்துவாங்க. வீட்டு விஷயங்களைப் பார்க்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பவர் பத்திரம். பொதுவான பவரா வேண்டாம், என்னென்ன வேலைக்குன்னு எழுதின பவரா இருக்கட்டும். அங்கே இறங்கின முதல் வாரத்துலயே வரி எண்ணும் எம்-பெசாவும் எடுங்க. 2007ல இருந்து அந்த ஊர் காய்கறிக்கடை வரைக்கும் எம்-பெசாலதான் ஓடுது.

முடிவா

தம்பி நேத்து கால் பண்ணாரு. பெரியகுளத்துல வில்லங்கச் சான்றுக்கு மனு போட்டாச்சாம். அப்பா முதல்ல கோபப்பட்டிருக்காரு: "போறதுக்கு முன்னாடியே சொத்து பேசுறியா?" அப்புறம் சட்டத்தைச் சொன்னதும், "அப்போ தங்கச்சியையும் கூட்டிட்டு வா, சேர்ந்தே பேசிடுவோம்"னு சொல்லியிருக்காரு.

கம்மிச் சம்பளத்துக்கு மனசார ஒரு வேலைக்குப் போறது தப்பான முடிவு இல்லை. கணக்குப் பார்க்காம போறதுதான் தப்பு. நீங்க அங்கே நிம்மதியா பாடம் எடுக்கணும்னா, இங்கே பேப்பர் சுத்தமா இருக்கணும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இந்த 7ஐயும் ஒரு தாள்ல எழுதி, ஒவ்வொண்ணா டிக் அடிங்க. நிலம் இருக்கிற வீடுன்னா, 4வதுல இருந்து ஆரம்பிங்க.